வில்லின் இடத்தில் மூச்சு

எட்டு நிமிடப் பதிவு ஒன்றை இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் செல்லோ வாசிக்கும் நண்பர். இன்னொருவர் என் அக்கா. மேற்கத்திய செவ்வியல் இசையில் அவளுக்குப் பெரிய பழக்கம் கிடையாது. பிடித்தால் கேட்பாள், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவாள். பதிவு, அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ'. வயலின்களுக்குப் பதிலாகப் பாடகர் குழு பாடும் வடிவம். முதல் நிமிடம் முடிவதற்குள் நண்பர் கையைத் தூக்கிவிட்டார். "நல்லாத்தான் பாடறாங்க. ஆனா என் காதுல வில்லு ஓடிக்கிட்டிருக்கு, இங்க அது இல்லையே" என்றார். அக்கா கடைசிவரை அசையாமல் இருந்தாள். முடிந்ததும் கேட்டாள்: "என்னடா சொல்றாங்க இவங்க? யாராவது செத்துட்டாங்களா?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் சொல்வது லத்தீன். 'உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே, எங்கள்மேல் இரக்கம் வையும். எங்களுக்கு அமைதி அருளும்' என்கிற வழிபாட்டு வரிகள். யாரும் சாகவில்லை. ஆனாலும் அக்கா கேட்டதைத் தப்பு என்று தள்ள முடியவில்லை.

ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசையைப் பாடகர் குழுவுக்கு மாற்றி அமைக்கும்போதெல்லாம் கேட்பவர்கள் ஏறக்குறைய இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். 'எதற்கு இந்த வேண்டாத வேலை, அசலுக்கு என்ன குறைச்சல்?' என்று ஒரு சாரார். 'இத்தனை வருஷம் கேட்ட இசை இன்றைக்குத்தான் என்னிடம் பேசியது' என்று இன்னொரு சாரார். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதை மூடிவிடலாம். எனக்கு அது போதவில்லை. குறை சொல்பவரும் உருகுபவரும் ஒரே கல்லில்தான் கால் இடறுகிறார்கள் என்று நினைக்கிறேன். முப்பது வயலின்கள் சேர்ந்து வாசித்தால் 'இதைச் சொல்வது யார்?' என்று யாரும் கேட்பதில்லை. முப்பது பேர் வாய் திறந்தால், ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும், அந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆளில்லாத இசைக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. சிலருக்கு, கேட்காமல் யாரோ உள்ளே நுழைந்த மாதிரி.

முதலில் இந்த 'அசல்' என்ற சொல்லைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். பார்பர் இந்த இசையை முதன்முதலில் எழுதியது ஆர்கெஸ்ட்ராவுக்கே அல்ல. 1936இல் அவர் எழுதிய ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டின், அதாவது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ மட்டும் வாசிக்கும் படைப்பின், நடுப்பகுதி அது. அதை அவரே பெரிய நரம்பிசைக் குழுவுக்கு விரித்தார். 1938 நவம்பர் 5 அன்று டாஸ்கனினி நடத்த, என்பிசி வானொலியில் அந்த வடிவம் ஒலித்தது. இன்று உலகம் அசல் என்று காப்பாற்றத் துடிப்பது இதைத்தான். இதுவும் ஒரு மாற்றமைப்புதான். பாடகர் குழுவுக்கான வடிவம் 1967இல் வந்தது. அதையும் செய்தவர் பார்பரே. பெயர் 'ஆக்னுஸ் தேயி', லத்தீனில் 'இறைவனின் செம்மறி'.

நடுவில் முப்பது வருஷம் போய்விட்டதை மறக்கக் கூடாது. 1945இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த செய்தியோடு சேர்ந்து இந்த இசை வானொலியில் போனது. அதன்பிறகு அது துக்கத்தின் இசை என்றே ஆகிப்போனது. 2004இல் பிபிசி வானொலியின் காலைச் செய்தி நிகழ்ச்சி, உலகத்திலேயே சோகமான இசை எது என்று நேயர்களைக் கேட்டபோது இதற்குத்தான் வாக்குகள் குவிந்தன. பார்பர் எழுதிய தாளில் சோகம் என்றோ மரணம் என்றோ ஒரு சொல் கிடையாது. சொல் இல்லாத இசைக்குக் கேட்டவர்கள் ஒரு சொல்லைக் கொடுத்திருந்தார்கள். 1967இல் பார்பர் செய்தது அந்தச் சொல்லுக்கு ஒரு வாயைக் கொடுத்ததுதான். லத்தீன் தெரியாத என் அக்கா 'யாராவது செத்துட்டாங்களா' என்று கேட்டதில் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது.

பார்பர் ஒரு பாடகரும்கூட என்பது இங்கே முக்கியம். பாரிடோன் என்ற நடுத்தர ஆண்குரல், பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் நிறுவனத்தில் முறையாகக் குரல் பயிற்சி எடுத்தவர். அவருடைய அம்மாவின் சகோதரி லூயிஸ் ஹோமர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் புகழ்பெற்ற ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல் பாடகி. அடாஜியோவின் மெட்டைப் பாடிப் பார்த்தால் இது புரியும். பெரிய தாவல்கள் குறைவு. ஒரு சுரத்தில் நின்று, பக்கத்துச் சுரத்துக்கு நகர்ந்து, இன்னொரு படி ஏறி, திரும்பி வருகிறது. வயலினுக்கு எழுதும்போதும் அவர் தொண்டையை வைத்துத்தான் யோசித்திருக்கிறார்.

இனி செல்லோ நண்பரின் பக்கம். 'வில் இல்லை' என்று அவர் சொன்னதைப் பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. வில்லால் ஒரு சுரத்தை ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். எந்தக் கணத்தில் மௌனம் ஒலியானது என்று காதுக்குத் தெரியாது. வில் ஒரு பக்கம் போய்த் திரும்பும் இடத்தையும் தேர்ந்தவர்கள் மறைத்துவிடுவார்கள். கோடு அறுபடாது. மனிதக் குரலுக்கு அந்த வசதி இல்லை. மூச்சு தீர்ந்துபோகும். அதனால் பாடகர் குழுவில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: முறைவைத்து மூச்சு விடுவது. பக்கத்தில் நிற்பவர் தாங்கிப் பிடிக்கும்போது இவர் ஒதுங்கி மூச்சிழுத்து, சத்தமில்லாமல் மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். நீண்ட சுரத்தின் நடுவே இப்படி ஆட்கள் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கேட்பவருக்குக் கோடு ஒன்றுதான். ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே ஓர் அசைவு இருந்துகொண்டே இருக்கும். நான் இதைக் கேட்கும்போது என் மூச்சையும் சேர்த்து அடக்கியிருப்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். வயலின் கேட்கும்போது அப்படி நடந்ததில்லை.

நம் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்தது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. உயிர் தனியாக ஒலிக்கும், இழுத்துக்கொண்டே போகலாம். மெய்க்கு உயிரின் துணை வேண்டும். வில் போட்ட வயலின் பெரும்பாலும் உயிரெழுத்தில்தான் பேசுகிறது. விரலால் தந்தியைச் சுண்டினால்தான் ஒரு மெய் பிறக்கிறது. பாடகர் குழுவுக்கு மாற்றி எழுதுபவரின் முதல் தலைவலி, எந்த இடத்தில் எந்த மெய்யைக் கொடுப்பது என்பது. 'ஆ' என்று மட்டும் எழுதினால் எல்லாம் பாகு மாதிரி வழிந்துவிடும். 'தும் தும்' என்று எழுதினால் டபுள் பாஸ் என்ற பெரிய, ஆழ்ந்த குரல் தந்திக்கருவியைச் சுண்டுவது போல இருக்கும். கொஞ்சம் தவறினால் சிரிப்பு வந்துவிடும். லத்தீன் வரிகளைக் கொடுத்தால் வேறு சங்கடம். 'லக்ஸ்' என்ற ஒரே சொல்லை முப்பது பேர் முடிக்கும்போது அந்த 'ஸ்' முப்பது தடவை சீறும். பல குழுக்களில் அந்த 'ஸ்'ஸை இரண்டு மூன்று பேரிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொள்வார்கள். பெரிய தேவாலயத்தில் எதிரொலி இந்தச் சீறலை எல்லாம் விழுங்கிவிடும். அதே குழுவை ஒலி எதிரொலிக்காத ஸ்டூடியோவில் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு உதடும் தெரியும். 'நேரில் கேட்டபோது கண்ணீர் வந்தது, பதிவில் ஒன்றுமே இல்லை' என்று பலர் சொல்வதற்கு இந்த அறை விவகாரமும் ஒரு காரணம்.

உயரமும் ஆழமும் அடுத்த கணக்கு. முழு ஆர்கெஸ்ட்ராவின் வீச்சு ஏழு ஸ்தாயி அளவுக்குப் போகும். ஆண் பெண் கலந்த பாடகர் குழுவுக்கு மூன்றரை, மிஞ்சினால் நான்கு. கீழே டபுள் பாஸின் தரையும் மேலே பிக்கலோ என்ற குட்டிப் புல்லாங்குழலின் மினுக்கும் கிடையாது. எல்லோரும் நடுவில் நெருங்கி நிற்க வேண்டியிருக்கிறது. 'மெலிந்துவிட்டது' என்று ஒருவர் சொல்வதும் 'நெருங்கி வந்துவிட்டது' என்று இன்னொருவர் சொல்வதும் இந்த ஒரே நெருக்கடியைத்தான். பார்பரின் உச்சக்கட்டத்தில் இது நன்றாகத் தெரியும். வயலின்களுக்கு அங்கே ஏற இன்னும் படிகள் மிச்சம். சோப்ரானோ என்ற உயர்ந்த பெண்குரலுக்கு அது கிட்டத்தட்ட கடைசிப் படி. அந்த உயரத்தில் உயிரெழுத்துகளின் வித்தியாசமும் மங்கிவிடும். பாடும் சுரம், வாய்க்குள் உயிரெழுத்தைத் தீர்மானிக்கும் அதிர்வைத் தாண்டிப் போய்விடுவதால், 'இ'யும் 'ஏ'யும் 'ஆ'வை நோக்கிச் சரியும். சொல் போய், கூக்குரல் மிஞ்சும். வயலினின் உயரம் காதில் வெளிச்சமாக விழுகிறது. குரலின் உயரம் பிரயாசையாக விழுகிறது. சிலர் அந்த இடத்தில் சிலிர்க்கிறார்கள். சிலருக்குப் பாடகியின் தொண்டையைப் பற்றிக் கவலை வந்துவிடுகிறது. கவலை வந்தால் இசை போச்சு.

சுருதி விஷயத்தில் மட்டும் குரல்களுக்கு ஒரு லாபம் உண்டு. பியானோவில் எல்லா அரைச்சுரங்களும் சமமாகப் பங்கிடப்பட்டவை. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், பியானோவின் மேஜர் தேர்ட் (நான்கு அரைச்சுர இடைவெளி) இயற்கையான தூய இடைவெளியைவிடப் பதினான்கு பங்கு பெரியது. துணைக்கருவி இல்லாமல் பாடும் நல்ல குழு, நீண்டு நிற்கும் இசைவுகளில் அந்தப் பதினான்கு பங்கைக் குறைத்துக்கொண்டு தூய இடத்தில் போய் உட்கார முடியும். அப்போது ஒலி ஒருவிதமாகப் பூட்டிக்கொள்ளும். கேட்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. 'எங்கிருந்தோ ஒளி வந்த மாதிரி இருந்தது' என்பார். இதற்கு விலையும் உண்டு: எட்டு நிமிடத்தில் மொத்தக் குழுவும் மெல்லக் கீழே இறங்கிவிடலாம். சுருதி ஞானம் உள்ள ஆசாமி பக்கத்தில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். பார்பரின் வடிவத்தில் விருப்பப்பட்டால் ஆர்கனோ பியானோவோ துணைக்கு வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

இதுவரை சொன்னது ஒலி. உண்மையான சண்டை சொற்களால் வருகிறது.

இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கார் 1899இல் எழுதிய 'எனிக்மா வேரியேஷன்ஸ்' அவருடைய நண்பர்களின் ஓவியத் தொகுப்பு மாதிரி. ஒவ்வொரு பகுதியும் ஓர் ஆள். அதில் 'நிம்ராட்' என்ற ஒன்பதாவது பகுதி, அவருடைய இசையை வெளியிட்ட நிறுவனத்தில் இருந்த யேகர் என்ற ஜெர்மன் நண்பருக்கானது. யேகர் என்றால் ஜெர்மனில் வேட்டைக்காரன். நிம்ராட் விவிலியத்தின் வேட்டைக்காரன். பெயரை வைத்து ஒரு விளையாட்டு. பீத்தோவனின் மெதுவான பகுதிகளைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்த ஒரு பொழுதின் நினைவு அந்த இசை. அது எழுதப்பட்டபோது யேகர் உயிரோடுதான் இருந்தார். பிறகு பிரிட்டன் அதை எடுத்துக்கொண்டது. போரில் இறந்தவர்களுக்காக லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நினைவுநாளில் அதை வாசிக்கிறார்கள். நட்பின் இசை அஞ்சலி இசையானது. பின்னர் ஜான் கேமரன் அதைப் பாடகர் குழுவுக்கு மாற்றியபோது இறந்தோருக்கான திருப்பலியின் வரிகளைப் பொருத்தினார்: 'முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக'. தலைப்பு 'லக்ஸ் ஏடெர்னா'. வோசஸ்8 குழுவின் எட்டுப் பேர் பாடிய பதிவு வழியாகத்தான் இன்று பலர் நிம்ராடுக்கு வந்து சேர்கிறார்கள்.

அழகான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வடிவத்தின் மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஆர்கெஸ்ட்ரா வடிவில், காதுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாகத் தொடங்கும் அந்த நரம்பொலியில், இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்துபோகும் மாலையையும் பார்க்கலாம், கல்லறையையும் பார்க்கலாம். கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. சொற்கள் வந்து ஒரு கதவைச் சாத்திவிட்டன. இனி அது இறந்தவர்களுக்கானது மட்டுமே.

சொல் எவ்வளவு வலுவாக ஒட்டிக்கொள்ளும் என்பதற்குச் செக் இசையமைப்பாளர் திவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் அரங்கேறியது. அதன் மெதுவான பகுதியில் காரங்லே என்ற துளைக்கருவி ஒரு மெட்டைத் தனியாக வாசிக்கும். 1922இல் திவோர்ஷாக்கின் மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் அதற்கு 'கோயின் ஹோம்' என்று வரிகள் எழுதினார். வீடு திரும்புவது பற்றிய பாட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பக்திப்பாடல் சாயலில் எழுதப்பட்டது. பாடகர் குழுக்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. விளைவு என்ன தெரியுமா? திவோர்ஷாக் ஒரு பழைய பக்திப்பாடலை எடுத்துத் தன் சிம்பொனியில் போட்டுக்கொண்டார் என்று இன்றும் நம்புகிறவர்கள் ஏராளம். நடந்தது நேர் எதிர். பிள்ளை அப்பனுக்கு அப்பன் ஆகிவிட்டான். அந்தப் பாட்டை முதலில் கேட்டவர் பிறகு சிம்பொனி கேட்கப் போனால், காரங்லே வாசிப்பது அவருக்குப் பாட்டின் 'கருவி வடிவம்' போலத் தோன்றும். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' என்ற ஆர்கெஸ்ட்ரா தொகுப்பில் வியாழன் பகுதிக்கும் இதே கதி. நடுவில் வரும் அகன்ற மெட்டை 1921இல் அவரே ஒரு தேசபக்திக் கவிதைக்குப் பொருத்திக் கொடுத்தார், அதற்குப் பிறகு பிரிட்டனில் பலருக்கு வியாழன் என்றால் அந்தப் பாடல் வரும் வரை காத்திருக்கும் நேரம்.

எந்த வடிவம் முதலில் காதில் விழுந்ததோ அதுவே அசலாகிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எதிர்வினைகளைப் படிக்கும்போது இந்த ஒன்றை முதலில் விசாரித்துவிட்டால் பாதிச் சண்டை புரிந்துவிடும்.

சொல் இசையைக் கீழே இழுத்துவிட்ட கதையும் உண்டு. ஜொஹான் ஸ்ட்ராஸின் 'நீல டான்யூப்' வால்ட்ஸ், ஆர்கெஸ்ட்ரா இசை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். 1867 பிப்ரவரி 15 அன்று வியன்னாவில் அது அரங்கேறியது ஆண்கள் பாடகர் குழுவோடு. முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் போரில் அடிவாங்கியிருந்தது. குழுவின் ஆஸ்தான கவிஞர் யோசப் வைல் எழுதிய வரிகள் 'வியன்னாக்காரர்களே, மகிழ்ச்சியாக இருங்கள்!' என்று தொடங்கும். உடனே எதிர்க்குரல், 'அடடே, எதற்காம்?' நக்கல்தான். அன்றைக்கு வரவேற்பு இல்லாமல் இல்லை. ஆனால் உலகத்தை ஆட்டிவைத்தது அந்த வடிவம் அல்ல. அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் சொல் இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசித்தபோதுதான் அது பறந்தது. ஓர் ஊரின் ஓர் ஆண்டுக் கசப்பைச் சுமந்த வரிகளைக் கழற்றி வைத்த பிறகு அது எந்த ஊர்க்காரருக்கும் ஆட ஏற்றதாகிவிட்டது.

அப்படியானால் சொல் வந்தாலே கெடுதலா? பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கிடம் கேட்டால் சிரிப்பார். நிஜமாகவே சிரிப்பார். அவருடைய நான்காவது ஆர்கெஸ்ட்ரா 'சூட்' (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு) ஒன்றின் தொடக்கப் பகுதி பிரெஞ்சு பாணியில் அமைந்தது: கம்பீரமான மெதுநடை, நடுவில் துள்ளி ஓடும் பகுதி, மறுபடி மெதுநடை. 1725 கிறிஸ்துமஸ் நாளன்று லைப்ஸிக்கில் ஒரு கான்ட்டாட்டாவின் (வழிபாட்டுக்கான பாடல் தொகுப்பின்) முதல் பாடலாக இதையே மாற்றி வைத்தார். மெதுநடைப் பகுதிகளை ஆர்கெஸ்ட்ராவுக்கே விட்டுவிட்டார். குரல்கள் நுழைவது துள்ளும் பகுதியில் மட்டும். வரி சங்கீதப் புத்தகத்திலிருந்து: 'எங்கள் வாய் சிரிப்பால் நிறையட்டும்'. சிரிப்புக்கு ஜெர்மன் சொல் 'லாஹென்'. அந்த 'லா'வை மும்மூன்று சுரங்களாக ஓடும் ஆர்கெஸ்ட்ரா ஓட்டத்தின் மேல் ஏற்றிவிட்டார். ஒரு குரல் சிரிக்க, இன்னொன்று தொற்றிக்கொள்ள, ஒரு கூட்டமே குலுங்குகிறது. கருவி வடிவில் வெறும் வேகமாக இருந்தது இங்கே சிரிப்பாகிவிட்டது. அந்த வேகத்துக்குள் சிரிப்பு ஒளிந்திருந்ததை அவர் கண்டுபிடித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைக் கேட்டுவிட்டு 'அசலைக் கெடுத்துவிட்டார்' என்று சொன்ன ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சொல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். 1963இல் பாரிஸில் வார்ட் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கரின் குழு வெளியிட்ட இசைத்தட்டில் எட்டுக் குரல்கள், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ். பாக் எழுதிய சுரங்கள் அப்படியே, ஆனால் 'தப-தப-தா' என்ற ஜாஸ் அசைகளில். பின்னணிப் பாடகர்கள் சுரம் படிக்கும் பயிற்சிக்காக பாக்கின் கீபோர்டு இசையைப் பாடிப் பார்த்ததில் தொடங்கியது அது. மூக்கைச் சுளித்தவர்களும் உண்டு, பாக் பக்கமே போகாதவர்கள் அள்ளிக்கொண்டு போனதும் உண்டு. சுவாரஸ்யம் அதற்குப் பிறகு. 1968இல் இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோ இதே எட்டுக் குரல்களை நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் நடுவே மைக்கோடு நிறுத்தி 'சின்ஃபோனியா' எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் மாஹ்லரின் இரண்டாம் சிம்பொனியின் ஸ்கெர்ட்சோ பகுதி ஆறு மாதிரி அடியில் ஓடிக்கொண்டிருக்க, குரல்கள் அதன் மேல் எழுத்தாளர் பெக்கெட்டின் வரிகளைப் பேசுகின்றன, குறுக்கிடுகின்றன, முணுமுணுக்கின்றன. ஆர்கெஸ்ட்ராவுக்குள் மனிதர்கள் நுழைந்துவிட்டார்கள் என்ற அந்தச் சங்கடத்தையே பெரியோ இசையாக்கிவிட்டார்.

இன்னொரு வழி ஜெர்மன் பாடகர் குழு நடத்துநர் கிளைட்டஸ் கோட்வால்டுடையது. ஸ்டுட்கார்ட்டில் 1960இல் அவர் தொடங்கிய ஸ்கோலா கான்டோரும் குழு, புத்தம்புது இசையைப் பாடுவதற்கென்றே இருந்தது. பதினாறு தனிக்குரல்களுக்கான லிகெட்டியின் 'லக்ஸ் ஏடெர்னா'வை 1966இல் முதலில் பாடியது அவர்கள்தான். குரல்களைப் புகை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரைக்கும் அந்த வித்தையைக் கோட்வால்ட் பழைய இசைக்குக் கொண்டுபோனார். கவிஞர் ரூக்கெர்ட்டின் வரிகளுக்கு மாஹ்லர் இசையமைத்த பாடல் ஒன்றை, 'இந்த உலகுக்கு நான் தொலைந்துபோனேன்' என்ற பாடலை, பதினாறு குரல்களுக்கு மாற்றினார். மூலத்தில் ஒரே ஒரு பாடகர், சுற்றிலும் ஆர்கெஸ்ட்ரா. இங்கே ஆர்கெஸ்ட்ராவும் குரல், பாடகரும் குரல். 'நான் தனியாக இருக்கிறேன்' என்று பதினாறு பேர் சொன்னால் அது அபத்தம் இல்லையா என்று கேட்பவர்களை எனக்குப் புரிகிறது. நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை வேறு மாதிரி கேட்டது. அந்தத் தனி ஆளைச் சுற்றியிருந்த வயலின்களும் காரங்லேயும் வெளி உலகம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவன் மண்டைக்குள்ளேயே இருந்தது போலிருக்கிறது.

யார் சொல்கிறார் என்ற கேள்வி நம் கட்டுப்பாட்டில் இல்லாமலே எழுகிறது என்பதற்கு மூளை ஆய்விலும் ஆதாரம் உண்டு. 2000இல் பாஸ்கல் பெலினும் உடனாய்வாளர்களும், மூளையின் பக்கவாட்டில் சில பகுதிகள் மற்ற ஒலிகளைவிட மனிதக் குரலுக்குக் கூடுதலாகத் தூண்டப்படுவதைக் காட்டினார்கள். பேச்சாக இல்லாத குரலொலிக்கும் அப்படித்தான். 2022இல் வெளியான இன்னோர் ஆய்வு, தனிப் பேச்சுக்கும் தனிக் கருவியிசைக்கும் அவ்வளவாக அசையாமல், பாட்டுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் நரம்பணுத் தொகுதி இருப்பதாகக் கண்டது. இசை உளவியலாளர் பாட்ரிக் யூஸ்லின் முன்வைத்த ஒரு கருத்தும் இங்கே பொருந்தும். செல்லோவோ வயலினோ நம்மை அசைப்பதற்கு ஒரு காரணம், அவை மனிதக் குரலின் உணர்ச்சித் தடங்களை, குரலால் எட்டமுடியாத அளவுக்கு மிகைப்படுத்தி ஒலிப்பதுதான் என்கிறார். அதாவது வயலின் ஒரு மிகைக்குரல். அந்த இசையை மறுபடி நிஜக் குரலுக்கே கொண்டுவந்தால்? மிகை போய்விட்டது என்று ஒருவருக்கு ஏமாற்றம், ஆள் வந்துவிட்டார் என்று இன்னொருவருக்கு ஆறுதல். செல்லோ நண்பரும் அக்காவும் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

மேடையில் இது கண்ணுக்கும் தெரியும். வயலின் வாசிப்பவர்கள் தாளையும் கண்டக்டரையும் பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பாடகர்கள் நம்மைப் பார்த்து, வாய் திறந்து, வரிசையாக நிற்பார்கள். முகங்கள் வந்துவிட்டால் பிறகு அது நம்மிடம் பேசுவதுதான். ஹோல்ஸ்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 'கோள்கள்' தொகுப்பின் கடைசிப் பகுதியான நெப்டியூனில் சொல் இல்லாத பெண்குரல்கள் வருகின்றன. அவர்களைப் பக்கத்து அறையில் மறைத்து வைத்து, முடிவில் அந்த அறைக் கதவை மெல்ல மெல்லச் சாத்தச் சொல்லியிருக்கிறார். டெபுஸ்ஸியும் 'ஸிரேன்' என்ற படைப்பில் பதினாறு பெண்குரல்களைச் சொல் இல்லாமல் ஆர்கெஸ்ட்ராவுக்குள் கலந்தார். ராவெலின் 'டாஃப்னி' பாலேயை 1914இல் லண்டனில் பாடகர் குழு இல்லாமல் பாலே குழுத் தலைவர் தியாகிலெவ் மேடையேற்றியபோது ராவெல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தார். ராவெலின் ஆர்கெஸ்ட்ராவில் குரல் என்பது இன்னொரு கருவி. அதைப் பிடுங்கினால் கருவியைப் பிடுங்கியதுதான்.

அக்கா பிறகு ஒருநாள் வயலின் வடிவத்தையும் கேட்டாள். நான் போடவில்லை, அவளே தேடிப் போட்டிருக்கிறாள். "இது நல்லா இருக்கு. ஆனா யாருமே இல்லாத வீடு மாதிரி இருக்குடா" என்றாள். செல்லோ நண்பரிடம் இதைச் சொன்னேன். "அதுதானே அழகு" என்றார் அவர்.

இரண்டு வடிவங்களிலும் அந்த உச்சக்கட்டத்துக்குப் பிறகு ஒரு மௌனம் வருகிறது. ஏறிக்கொண்டே போன இசை விளிம்பில் நின்று, அறுந்து, பிறகு மிகத் தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கும். வயலின் வடிவில் அந்த இடைவெளியில் எதுவும் கேட்பதில்லை. வில்கள் காற்றில் நிற்கும். குரல் வடிவில், நல்ல பதிவாக இருந்து ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால், அந்த மௌனத்துக்குள் ஒரு சத்தம் இருக்கும். அத்தனை பேரும் சேர்ந்து மூச்சிழுக்கிறார்கள்.